அணில் அக்காவின் செங்கல்

வீட்டுக் கேட்டைத் தட்டுவதற்கு முன்னால் அணில் அக்கா செங்கல்லைத் தட்டுவார். காம்பவுண்டுச் சுவரோரம் தோள்பையை இறக்கிவைத்து, குறடு, உளி, கம்பிவலைச் சுருள் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பழைய துண்டில் சுற்றிய ஒரு முழுச் செங்கல்லை வெளியே எடுப்பார். துண்டைப் பிரித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. பிறகு அதைத் தூக்கி வலது காதோடு அணைத்து, கண்ணை மூடிக்கொள்வார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். செங்கல்லில் போன் பேசுகிற ஒருவரை வேறு எப்படிப் பார்ப்பது? கேட்டு முடித்ததும் துண்டைச் சுற்றிப் பழையபடி அடியில் வைத்துவிட்டு, கன்னத்தில் ஒட்டிய சிவப்புப் பொடியைச் சட்டைக் கையால் துடைத்தபடி, ஒன்றுமே நடக்காதவர் போலக் காலிங் பெல்லை அழுத்துவார்.

வீடுகளுக்குள் புகுந்து குடும்பம் நடத்துகிற அணில்களை வெளியேற்றுவது அக்காவின் தொழில். ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உடம்பு, கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, கடைவாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. ஏணியில் ஏறும்போது மட்டும் வயது எங்கோ காணாமல் போய்விடும். அணில் என்றதும் உங்களுக்கு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் சாதுப் பிராணி ஞாபகம் வருகிறதென்றால், அது உங்கள் வீட்டு வயரை இன்னும் ருசி பார்க்கவில்லை என்று அர்த்தம். என் வீட்டில் பார்த்தது. தோட்டத்துக் குழாயைக் கடித்து ஓட்டை போட்டது, பூந்தொட்டிகளைத் தோண்டி வேரை வெளியே இழுத்துப் போட்டது, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் மின்சார வயரின் தோலை உரித்து, ஒருநாள் சமையலறை விளக்கிலிருந்து புகை வந்தபோதுதான் பயம் வந்தது. பாச்சை உருண்டை போட்டேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அணில்கள் பாட்டுக் கேட்டபடி இன்னும் சௌகரியமாகக் கொறித்தன. கடைசியில் மளிகைக்கடைக்காரர்தான் அக்காவின் எண்ணைக் கொடுத்தார்.

முதல் நாள் அக்கா என் வீட்டு நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவங்க வந்து ரொம்ப நாளாச்சு தம்பி" என்றார்.

"யாருக்கா?"

"அவங்கதான்" என்று மேலே கண்ணைக் காட்டினார். "உங்களுக்கு முன்னாடியே இந்த வீட்டுல எந்திரிக்கிறாங்க. நீங்க எப்ப சண்ட போடுறீங்க, எப்ப சமாதானம் ஆவுறீங்க, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. நீங்கதான் இத்தன நாளா அவங்களக் கண்டுக்கல."

என் மனைவி அன்றைக்கு முழுவதும் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். அணிலை 'அவங்க' என்று மரியாதையோடு சொல்வது அக்காவின் பழக்கம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தச் சொல் எங்களுக்குப் பழகவில்லை.

எங்கே போனாலும் அக்கா முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். கண் மேலே இருக்கும், கால் தானாக வழி பார்த்துக்கொள்ளும். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தால், அதன் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு பழுப்புக் கறை இருக்கிறதா என்று தேடுவார். உடம்பு உரசி உரசிப் படிந்த கறை அது. "இதான் வாசப்படி" என்பார். கூரையைத் தொடுகிற கிளைகளை வெட்டச் சொல்வார், மரத்தின் நடுத்தண்டில் வழுக்குகிற மாதிரி தகரம் சுற்றச் சொல்வார். ஒரு கையால் தோட்டத்தில் அணிலுக்குக் கடலை வைத்துவிட்டு இன்னொரு கையால் அவருக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம், "விருந்துக்குக் கூப்பிட்டீங்க, வந்தாங்க, தங்கிட்டாங்க. இப்ப என்னைய வச்சுக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளச் சொல்றீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

பிறகு வீட்டுக்குள் வந்து, சுவர் சுவராக, முட்டியால் ஒரு தட்டு. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். விளையாட்டுக்கு இல்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கிற அதே குரல். கேட்டுவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரின் வாயைச் சுவரில் பொருத்தி, அடியில் காதை வைத்துக் காத்திருப்பார். அந்த நேரத்தில் வீட்டிலுள்ளவர்கள் மூச்சுவிடக்கூடப் பயப்படுவார்கள். இத்தனை நாள் முதுகு சாய்த்து டிவி பார்த்த சுவர் இப்போது என்ன பதில் சொல்லப்போகிறதோ என்றிருக்கும். ஒருமுறை நான் கூடப் போயிருந்த வரிசை வீடு ஒன்றில் அவர் அப்படிக் கேட்டதும், சுவருக்குள்ளிருந்து "இருக்கேன்" என்று தெளிவாக ஒரு குரல் வந்தது. வீட்டுக்காரம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. அக்கா மட்டும் நிதானமாக, "நீங்க இல்லீங்கய்யா, அணிலு" என்று சுவரிடம் சொன்னார். பதில் சொன்னவர், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் போனாலே, வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்த வீட்டு வெளிச்சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அக்கா போவார். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வரும்.

சந்தின் வாயில் அவர் பொருத்துவது ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் முனையில் வெளிப்பக்கமாக மட்டும் திறக்கும் சின்னத் தகர மூடி. இதற்கு அக்கா வைத்திருக்கும் பெயர் மாமியார் கதவு. "வெளிய போறப்ப ஒரு வார்த்த சொல்லாது. திரும்பி வந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திக்கும்." குட்டி இருக்கிற கூரையில் இதைப் போட மாட்டார். தாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால், அது மரத்தையும் ஓட்டையும் பல்லாலேயே அறுத்துக்கொண்டு உள்ளே வரும். விஷம் வைக்கச் சொன்னாலோ கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "விஷம் தின்னா அவங்க செவுத்துக்குள்ள போய்த்தான் சாவாங்க. எந்தச் செவுருன்னு மூக்க வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அப்புறம் வீட்ட விட்டுப் போறது அவங்க இல்ல, நீங்க."

குட்டி இருந்தால், கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, அடிக்கடி போய்த் தட்டிக்கொண்டே இருப்பார். தொந்தரவு தாங்காமல் தாயே குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மரத்துக்குக் கொண்டுபோய்விடும். கடைசிக் குட்டி போன பிறகும் அக்கா சந்தில் கை வைக்க மாட்டார். "அவங்களுக்கு எண்ணத் தெரியாது தம்பி. எல்லாரையும் தூக்கிட்டுப் போனப்புறமும் ஒரு தடவ வெறும் வாயோட வந்து, உள்ள தலைய விட்டுப் பார்ப்பாங்க. யாரும் இல்லன்னு அவங்களே பார்த்துட்டுப் போகணும். அதுக்கப்புறம்தான் நாம அடைக்கணும்." கூடு காலியாகத் தெரிந்தாலும் சரி, பெண் அணில் குடியிருந்த கூரை என்றால், மாமியார் கதவைக் கழற்றிவிட்டு அந்த வெறும் வருகைக்காக அரைநாள் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்காமல் அவர் அடைத்தது ஒரே ஒரு வீட்டைத்தான். அன்றைக்கு நானும் கூடவே இருந்தேன்.

அதற்கு முன் செங்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்டால் மழுப்பிவிடுவார். "பை காத்துல பறக்காம இருக்கத்தான்" என்பார். உளியும் சுத்தியலும் கிடக்கிற பை எந்தக் காற்றில் பறக்கும்? பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லிக் கூடவே சுற்றத் தொடங்கிய பிறகும் அதே பதில்தான். விஷயம் தெரிந்தது அவர் கணவரிடமிருந்து. அவர் கொத்தனார்.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சுவர்கள். எந்தச் சுவரும் ஒரே நிறத்தில் இல்லை. வாசல் அறையில், அடுப்புக்குப் பின்னால், கட்டிலுக்கு மேலே என்று அங்கங்கே சதுரம் சதுரமாகப் புதுப் பூச்சு, பழைய சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. நான் அவற்றையே பார்ப்பதைக் கொத்தனார் பார்த்துவிட்டார். அக்கா டீ போட உள்ளே போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெளில செவுரு கட்டினா கூலி தர்றாங்க. இந்த வீட்டுல இடிச்சு இடிச்சுக் கட்டினதுக்கு டீதான் கூலி" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் மழை விட்ட சமயம். அடுப்படிச் செவுத்துல சொரண்டுற சத்தம் கேக்குதுன்னா. இவ காதுல விழுந்துச்சுன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாது. இடிச்சேன். ஒண்ணுமில்ல. அப்புறம் ரூம்புச் செவுத்துலன்னா. அதையும் இடிச்சேன். வெறும் கல்லு. ஒரு நாள் வேலை விட்டு வர்றேன், தலகாணிய மடில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னம்மான்னு கேட்டேன். இதுக்குள்ளயும் இருக்காங்கன்னு சொல்றா." மறுபடி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதோட இடிக்கிறத நிறுத்தினேன்."

காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். காது நரம்பு தளர்ந்தால் வெளியே சத்தமே இல்லாவிட்டாலும் உள்ளே கேட்கும், சிலருக்கு மணி, சிலருக்கு விசில், உங்களுக்குச் சுரண்டல், பழகிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னாராம். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டதும் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டதாம்.

"அப்பத்தான் இந்தக் கல்லத் தேடி எடுத்தேன்" என்றார் கொத்தனார். "சூளையில நல்லா வெந்தது. ஒரு கீறல் கிடையாது, எறும்புகூட உள்ள போக முடியாது. இதுல கேட்டா அது உன் சத்தம். செவுத்துல இதவிட வேற மாதிரி கேட்டா அது அவங்க சத்தம். அவ்வளவுதான் கணக்குன்னேன். கல்யாணத்துக்கு ஒரு பொட்டு நகை போடல. இதையாவது போட்டோமேன்னு வச்சுக்குங்களேன்."

டீயோடு வந்து நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டு, எதிரே இருந்த ஒட்டுப்போட்ட சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எந்த வீட்டுக்குப் போனாலும் அது எனக்கு முன்னாடியே அங்க போய் உக்காந்திருக்கு தம்பி. நான் கேட்டத் தெறக்குறதுக்குள்ள ஆரம்பிச்சிருது. இந்தக் கல்லு இல்லன்னா நான் ஒரு வீட்டையும் அடைக்க முடியாது. எனக்கு எல்லா வீட்டுலயும் யாரோ உள்ள இருக்காங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், யாரும் பார்க்காதபோது என் அறைச் சுவரில் காதை வைத்துப் பார்த்ததுதான்.

இது வெளியே தெரிந்தால் அக்காவை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காதால் சொல்கிறவருக்குக் காதே பொய் சொல்கிறதென்றால் தொழில் போயிற்று. ஆனால் அவரை அரித்த பயம் அதுவல்ல. உயிரோடு இருக்கிற எதையாவது உள்ளே வைத்து அடைத்துவிடுவோமோ என்பதுதான். இதை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது எழுதுகிறேனே என்றால், பிறகு அக்காவே எழுதச் சொன்னார்.

அது ஒரு பல் டாக்டரின் வீடு. அவருடைய கணவர் வங்கி மேனேஜர். பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்துக் குடிவந்திருந்தார்கள். கூரைச் சந்தில் பெண் அணில் ஒன்று குடியேறியிருந்தது. அக்கா மேலே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தபோது கூட்டில் பஞ்சும் நாரும் மட்டுமே இருந்தன. குட்டி இல்லை என்று குழாயைப் பொருத்தினார். அணில் வெளியே போயிற்று. கீழே பெயிண்டர்கள் வாளியோடு காத்திருந்தார்கள். மேனேஜர் வாட்ச்சைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

அக்கா சுவர் சுவராகத் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் நின்றுவிட்டார். டம்ளரை வைத்துக் கேட்டார். வெளியே போய்ச் செங்கல்லைக் கேட்டுவிட்டு வந்தார். மறுபடி சுவர், மறுபடி செங்கல். நானும் ஒருமுறை சுவரில் காதை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன, உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று மேனேஜர் அக்காவின் குரலிலேயே கேட்டார், கிண்டலாக.

"இல்லீங்க சார். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"எது ரெண்டும்?"

அக்கா சிமெண்டைக் குழைக்கப் போனார். வெறும் வருகைக்குக் காத்திருக்கவில்லை. செங்கல்தான் சொல்லிவிட்டதே. குழாயைக் கழற்றிவிட்டுச் சந்தில் கம்பிவலையைத் திணித்து சிமெண்ட் பூசினார். அது ஈரம் இழுத்து இறுகியதும் பெயிண்டர் அதன்மேல் ஒரு கோட் அடித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஜன்னல்ல ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. விரட்டினா போகுது, திரும்ப வருது. நான் எந்த ரூமுக்குப் போறேனோ அந்த ரூம் ஜன்னலுக்கு வருது. என்னையே பாக்குது. ஸ்கிரீன இழுத்துவிட்டா அதோட நிழல் தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "அது கூடப் பரவால்ல. கட்டில்ல கொஞ்சம் சாஞ்சேன்னா தலைமாட்டுல ஒரு சத்தம். சீப்பால மெதுவா யாரோ தலை வாருற மாதிரி. அவர்கிட்டச் சொன்னேன். அந்தம்மாவே யாரும் இல்லன்னு சொல்லிட்டாங்க, உனக்கு என்ன ஆச்சுங்கிறார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சா? காலைல ஒரு பேஷண்ட் வாயைத் திறந்தாரு. உள்ள குனிஞ்சு பாக்குறேன், அங்கேருந்தும் அதே சத்தம் வர்ற மாதிரி இருந்துச்சு."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர் அல்லவா? வாயிலிருந்த கிராம்பைத் துப்பினார். "டாக்டரம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. தப்பு என்னோடது. இதோ வர்றோம்" என்றார்.

கொத்தனார் ஸ்கூட்டரை ஓட்ட அக்கா பின்னால் உட்கார்ந்தார். நான் என் வண்டியில் தொடர்ந்தேன். அந்த வீட்டுக் கேட்டில் அக்கா பையை இறக்கவே இல்லை. செங்கல்லைக் கேட்காமல் அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததை அன்றுதான் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தோம். அடைத்த சந்தைச் சுற்றிலும் புதுப் பெயிண்டில் பல் பட்ட கோடுகள். சில கோடுகள் சிவப்பாக இருந்தன.

மேனேஜர் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "பெயிண்ட்கூட முழுசாக் காயல. திரும்ப இடிக்கணுமா? எந்த இடம்னாவது உறுதியாத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்" என்றார் அக்கா. "என் காது சரியில்ல. ஒரு வருஷமா எனக்கு எல்லாச் செவுத்துலயும் கேக்குது. கல்லுலகூடக் கேக்குது. உங்க தலைமாட்டுச் செவுத்துலயும் கேட்டுச்சு. எப்பவும் கேக்குற பொய்தான்னு நெனச்சு அடைச்சுட்டேன்."

"இத முதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க. சொல்லியிருக்கணும்."

மேனேஜர் எங்களையும் தன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கு. ஒருத்தருக்குக் காதுல கோளாறு, ஒருத்தருக்கு மனசுல கோளாறு. ரெண்டு பேரையும் நம்பி நான் வீட்ட இடிக்கணும்." பல் டாக்டரின் கண்கள் ஜன்னலில் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது உட்கார்ந்திருந்தது. வாயோரம் கிழிந்து உப்பியிருந்தது. வால்கூட ஆடவில்லை.

"எங்கள நம்ப வேணாம் சார்" என்றார் அக்கா. "தெரிஞ்சவங்கள உள்ள கூப்பிட்டுக் கேட்டுருவோம்."

சொல்லிவிட்டு மேனேஜரைத் தாண்டி உள்ளே போய் ஜன்னலைத் திறந்தார். ஆயுள் முழுக்க அணில்களை வீட்டிலிருந்து வெளியே அனுப்பியவர், தன் கையாலேயே ஒன்றுக்குக் கதவு திறந்துவிட்டார். "எல்லாரும் செவுத்தோட ஒட்டி நில்லுங்க. அசையாதீங்க. பேசாதீங்க."

அணில் ஓடும் என்று நினைத்தேன். அது ஓடவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கி, வீட்டுக்குச் சொந்தக்காரர் போல, நடந்து வந்தது. சோபா முதுகில் ஏறி நின்று கேட்டது. அலமாரி மேல் ஏறி நின்று கேட்டது. என் வெறுங்காலைத் தாண்டிப் போயிற்று. அதன் நகங்களின் குளிர்ச்சி என் பாதத்தில் பட்டது. நாங்கள் அங்கே இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. படுக்கையறைக்குள் போனது. நாங்கள் அடிமேல் அடி வைத்துப் போய் அறை வாசலில் எட்டிப் பார்த்தோம். கட்டில், தலையணை, தலைமாட்டுப் பலகை. அதன் மேல் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முகத்தின் ஒரு பக்கத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டது. அக்கா டம்ளர் வைத்துக் கேட்ட அதே இடம். ஏறக்குறைய அக்கா நிற்கிற அதே மாதிரி.

பிறகு முன்னங்கால்களால் சுவரை மெதுவாகச் சுரண்டியது. நிறுத்தியது.

சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது. மெல்லிய, விட்டு விட்டு வந்த, சீப்பு வாருகிற சத்தம். எனக்குக் கேட்டது. கொத்தனாருக்குக் கேட்டது. மேனேஜரின் கை தானாகத் தன் மனைவியின் கையைத் தேடியது. டாக்டர் கொடுக்கவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "கேக்குதுல்ல? உங்களுக்கும் கேக்குதுல்ல?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுவிட்டு, குழந்தை மாதிரி அழுதார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அக்காவும் அழுதார்.

கொத்தனார் கட்டிலை நகர்த்த, அணில் அலமாரி மேல் தாவி ஏறிக்கொண்டது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். சத்தம் டொக்கென்று வெற்றாக வந்தது. "இங்க ஒரு ஜன்னல் இருந்திருக்கு சார்" என்றார். முன்பு இருந்தவர்கள் உள்ளேயும் வெளியேயும் ஒற்றைக் கல் கனத்துக்குச் சுவர் வைத்து ஜன்னலை அடைத்திருக்கிறார்கள். நடுவில் வெற்றிடம். மேலே கூரைப் பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது. கூட்டிலிருந்து தவழ்ந்த குட்டிகள் அதற்குள் விழுந்திருக்கின்றன. மேனேஜரும் மனைவியும் இத்தனை நாள் தலை வைத்துப் படுத்திருந்தது ஒரு ஜன்னலில். மேனேஜர் உளியைக் காட்டித் தலையசைத்தார்.

ஒரு கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே இருட்டு. பழைய வீட்டின் வாடை அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் கண் திறந்தும் திறக்காத குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று மட்டும் அசையவில்லை. அலமாரி மேலிருந்து இறங்கி வந்த தாய், அசையாததைத்தான் முதலில் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனது. பிறகு வந்து மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போனது. கடைசியும் போன பிறகு கொத்தனார் கரண்டியை எடுத்தார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

காத்திருந்தோம். அது வந்தது, வெறும் வாயோடு. ஓட்டைக்குள் தலையை விட்டு வெகுநேரம் அப்படியே நின்றது. தலையை எடுத்து, எங்களை ஒருமுறை பார்த்தது. போயிற்று.

"இப்ப அடைக்கலாம்" என்றார் அக்கா.

பெயர்த்த கல் இரண்டாக உடைந்திருந்தது. மாற்றுக் கல் இருக்கிறதா என்று கொத்தனார் மேனேஜரைக் கேட்பதற்குள், அக்கா பையின் அடியிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார்.

"இது உனக்கு வேணுமேம்மா" என்றார் கொத்தனார்.

"இதக் கேட்டுக் கேட்டு, நெசமாக் கூப்பிட்டாலும் பொய்யின்னு நெனைக்கப் பழகிட்டேங்க. போதும். வச்சு அடைங்க."

கொத்தனார் அதை வாளித் தண்ணீரில் முக்கினார். குமிழ்கள் வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டையில் வைத்துச் சுற்றிலும் பூசினார். சுவரில் ஒரு சதுரம் விழுந்தது, அவர்கள் வீட்டில் இருப்பவை மாதிரியே.

வெளியே வரும்போது அக்கா என்னிடம், "இத எழுதுங்க தம்பி. என்னையக் கூப்பிடுறவங்க தெரிஞ்சுக்கிட்டே கூப்பிடட்டும். இனிமே செவுத்த வீட்டுக்காரங்களும் சேந்து கேக்கணும். அவங்களும் வெறும் வாயோட வந்து பாத்துட்டுப் போகணும். அது வரைக்கும் எந்தப் பெயிண்டர் நின்னாலும் நிக்கட்டும்" என்றார். ஒருவர்கூடக் கூப்பிடாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே, பழக்கத்தில் அவர் கை பையின் அடி வரைக்கும் போனது. துண்டு மட்டும் வந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொத்தனார் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் முதுகில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வலது காதை அங்கே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொத்தனார் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.